மொன்ட்கொமரி மண்ணில் உறங்கும் இசைஞரும் அவரது ஆசானும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான அலபாமாவின் தலைநகர் மொன்ட்கொமரி. அந்நகரிலுள்ள சேமக்காலைகளுள் இரண்டு இங்கு நமது கவனத்துக்குரியவை. ஒன்று, ஓக்வுட் சேமக்காலையின் விரிவாக்கப் பகுதி. அங்குள்ள ஒரு கல்லறையைத் தேடி உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் இன்றும் வந்தவண்ணம் உள்ளனர். இசைக்குறிப்புகள் செதுக்கப்பட்ட உயர்ந்த கருங்கல் நினைவுச்சின்னமும் அதன் அடியிலே கல்லில் வடிக்கப்பட்ட அகன்ற விளிம்புடைய தொப்பியொன்றும் தூரத்திலிருந்தே அக்கல்லறையை அடையாளம் காட்டிவிடுகின்றன. மற்றையது லிங்கன் சேமக்காலை. கறுப்பின மக்கள் இறந்த பின்னரும் வெள்ளையரோடு ஒரே நிலத்தில் உறங்க அனுமதிக்கப்படாத காலத்தில் அவர்களுக்கெனத் தனியாக அமைக்கப்பட்ட இடம் அது. அங்கும் ஓர் இசைஞர் புதைக்கப்பட்டிருக்கின்றார். ஆனால் எந்த இடத்திலே என்பதை எவராலும் சுட்டிக்காட்ட இயலாது.

முதலாமவர் கன்ட்ரி இசையின் மாபெரும் கலைஞராகப் போற்றப்படும் ஹாங்க் வில்லியம்ஸ். இரண்டாமவர், சிறுவனாக இருந்த அவருக்குக் கிற்றார் வாசிக்கக் கற்றுக்கொடுத்த தெருப்பாடகர் ரூபஸ் பெய்ன். ஹாங்க் வில்லியம்ஸின் வாழ்வையும் மரணத்தையும் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. எனினும் அவ்வாழ்வின் முழுப்பொருளை அறிய வேண்டுமாயின் ஒரே நகரிலுள்ள இவ்விரு புதைகுழிகளையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

கன்ட்ரி இசை என்பதை நாட்டார் இசை எனத் தமிழில் பெயர்த்துவிட்டால் அது முழுமையாகாது. அமெரிக்கத் தென்பகுதியின் பருத்தித் தோட்டங்களிலும் மரம் அரியும் ஆலைகளிலும் புகையிரதப் பாதைகளிலும் உழைத்த ஏழை வெள்ளையர்களின் பாடல் மரபே பிற்காலத்தில் வானொலியாலும் இசைத்தட்டுகளாலும் இப்பெயரைப் பெற்றது. ஸ்கொட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியோர் கொண்டுவந்த கதைப்பாடல்கள், தேவாலயக் கீதங்கள் என்பவற்றோடு கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் அதில் இரண்டறக் கலந்திருந்தது. வாழ்க்கையில் பிரித்து வைக்கப்பட்ட இரு சமூகங்கள் இசையிலே பிரியாதிருந்தன என்பதற்கு ஹாங்க் வில்லியம்ஸின் வரலாறே தக்க சான்றாகும்.

1923 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆம் திகதி அலபாமாவின் மவுண்ட் ஒலிவ் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். ஹைரம் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தை மர வியாபாரக் கம்பனிகளின் புகையிரதங்களில் பணிபுரிந்தவர். முதலாம் உலகப் போரில் பங்குபற்றியவர். தாயார் லில்லி உறுதியான மனமும் கடுமையான உழைப்பும் கொண்ட பெண்மணி. தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். முதுகெலும்பின் கீழ்ப்பகுதி சரியாக மூடப்படாத பிறவிக் குறைபாடொன்று குழந்தைக்கு இருந்தது. அன்று எவரும் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. ஆயினும் அந்த வலி அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு அகலவில்லை. அவரது மரணத்துக்கான பாதையை வகுத்ததும் அதுவே எனலாம்.

1930 ஆம் ஆண்டு தந்தை முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அதன்பின் பல ஆண்டுகள் அவர் வீடு திரும்பவில்லை. பொருளாதார மந்தம் நாட்டையே வாட்டிய அக்காலத்தில், மகனையும் மகளையும் காக்கும் பொறுப்பு தாயார்மீது விழுந்தது. ஜோர்ஜியானா, கிறீன்வில் ஆகிய சிறு நகரங்களில் வாடகைக்கு அறைகளை விட்டு உணவும் வழங்கும் விடுதிகளை நடத்தி அவர் குடும்பத்தைக் கொண்டு நடத்தினார். சிறுவன் தெருவிலே நிலக்கடலை விற்றான். சப்பாத்துகளுக்குப் பொலிஷ் போட்டான். உடலுழைப்புக்கோ விளையாட்டுக்கோ முதுகு இடங்கொடாத அந்தச் சிறுவனின் கையில் கிற்றார் வந்து சேர்ந்தது.

அக்காலத்தில்தான் அவன் ரூபஸ் பெய்னைச் சந்தித்தான். பெய்ன் 1880 களில் அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். கிறீன்வில் நகரில் கூலி வேலைகள் செய்துகொண்டே சுற்றியுள்ள ஊர்களின் தெருக்களிலும் புகையிரத நிலையங்களிலும் பாடிச் சில்லறை சேர்த்தவர். ரீ-ரொட் என்ற பட்டப்பெயரால் மக்கள் அவரை அழைத்தனர். மது அருந்தாதவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றின் சிதைவு அது. தேநீரோடு மதுவைக் கலந்து கையோடு எடுத்துச் செல்லும் வழக்கமுடையவர் என்பதனால் வேடிக்கையாக வந்த பெயர் என்பர்.

வெள்ளைச் சிறுவன் ஒருவன் கறுப்பினத் தெருப்பாடகரின் பின்னால் கிற்றாரோடு அலைவது அன்றைய அலபாமாவில் சாதாரண காட்சியன்று. பேரூந்து, பாடசாலை, தண்ணீர்க் குழாய், தேவாலயம் என யாவும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. எனினும் அவன் அலைந்தான். சுருதிக் கட்டுகளை எவ்வாறு பிடிப்பது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு நகர்வது, தாளத்தை எவ்வாறு உந்திச் செலுத்துவது, தெருவோரத்தில் நின்று போகிறவரை எவ்வாறு நிற்கச் செய்வது என்பனவெல்லாம் அவருடைய பாடங்களாயின. கட்டணம் சில காசுகள். காசில்லாத நாட்களில் லில்லி சமைத்துக் கொடுத்த உணவு. இசையை எழுதவோ படிக்கவோ ஹாங்க் வில்லியம்ஸ் இறுதிவரை கற்கவில்லை. தாம் பெற்ற இசைப் பயிற்சியெல்லாம் இவரிடமிருந்தே கிடைத்ததெனப் புகழின் உச்சத்தில் இருந்தபோது அவர் வெளிப்படையாகவே கூறினார். தேவாலயக் கீதங்களும் ரோய் ஏகஃப், ஏர்னஸ்ட் டப் போன்ற முன்னோடிகளின் பாணிகளும் அவரை உருவாக்கியது உண்மையே. ஆயினும் ஆசான் என அவர் குறிப்பிட்டது பெய்ன் ஒருவரைத்தான்.

1937 இல் லில்லி குடும்பத்தோடு மொன்ட்கொமரிக்கு இடம்பெயர்ந்தார். ஹைரம் என்ற பெயரை விடுத்து ஹாங்க் எனத் தம்மை அழைத்துக்கொண்ட அப்பதின்ம வயதுப் பையன், நகரின் எம்பயர் திரையரங்கில் நடந்த புதுமுகப் பாடகர் போட்டியில் வென்று 15 டொலர் பரிசு பெற்றான். தொடர்ந்து டபிள்யூ.எஸ்.எஃப்.ஏ. வானொலியில் பாடும் வாய்ப்புக் கிட்டியது. டிரிஃப்டிங் கௌபோய்ஸ் என்ற பெயரில் இசைக்குழுவொன்றும் அமைந்தது. தாயாரே வண்டியோட்டியாகவும் முகாமையாளராகவும் வாயிலில் நின்று ரிக்கெற் வசூலிப்பவராகவும் விளங்கினார்.

மாணவன் வானொலியில் பாடத் தொடங்கிய அதே நகரில், 1939 மார்ச் மாதம், ஏழைகளுக்கான வைத்தியசாலையொன்றில் ரூபஸ் பெய்ன் காலமானார். லிங்கன் சேமக்காலையில் அடையாளக் கல் ஏதுமின்றி அவர் புதைக்கப்பட்டார். அவருடைய குரலைப் பதிவுசெய்த இசைத்தட்டு ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது முதுகுக் கோளாறு காரணமாக ஹாங்க் வில்லியம்ஸ் படைச்சேவைக்கு எடுக்கப்படவில்லை. குழுவினர் படையில் சேர்க்கப்பட்டுப் பிரிந்தனர். குடிப்பழக்கம் அப்போதே அவரைப் பற்றிக்கொண்டிருந்தது. 1942 இல் அதன் காரணமாகவே வானொலி நிலையம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. சில காலம் மொபைல் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் உழைத்தார். 1944 டிசெம்பரில் ஓட்ரி ஷெப்பர்ட் என்பவரைச் சமாதான நீதிவான் ஒருவரின் முன்னிலையில் பெற்றோல் நிலையமொன்றில் வைத்து மணந்தார். ஓட்ரியின் முதல் திருமணம் முறிந்து பத்து நாட்களே கடந்திருந்தன. சட்டம் விதித்த காத்திருப்புக் காலம் முடியாமையால் அத்திருமணம் சட்டப்படி செல்லுபடியாகுமா என்ற வினா பின்னாளில் எழுந்தது.

1946 இல் நாஷ்வில் நகருக்குச் சென்று இசைப் பதிப்பாளர் பிரெட் ரோஸைச் சந்தித்தமை திருப்புமுனையாயிற்று. மாணவனின் கரடுமுரடான வரிகளைச் செப்பனிடும் பெரியவராக ரோஸ் அமைந்தார். 1947 இல் எம்.ஜி.எம். நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948 இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரிலிருந்து ஒலிபரப்பான லூசியானா ஹேரைட் நிகழ்ச்சியில் இணைந்தார். அவ்வாண்டின் இறுதியில் அவர் பதிவுசெய்த லவ்சிக் புளூஸ், வேறு இருவர் 1922 இல் ஆக்கிய பழைய பாடல். அதைப் பதிவு செய்வதில் பிரெட் ரோஸுக்கு விருப்பமிருக்கவில்லை. 1949 இல் வெளியான அப்பாடல் 16 வாரங்கள் தரவரிசையில் முதலிடத்தில் நின்றது. அதே ஆண்டு ஜூன் 11 ஆம் திகதி, கன்ட்ரி இசையின் தலைமைப் பீடமாகக் கருதப்பட்ட நாஷ்விலின் கிராண்ட் ஓல் ஒப்ரி மேடையில் அவர் தோன்றியபோது அரங்கு அதிர்ந்தது.

அதன்பின் வந்த மூன்றரை ஆண்டுகளே அவரது பொற்காலம். எளிய சொற்கள், சிறிய மெட்டு, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாடல். அதற்குள் தனிமையும் துரோகமும் பிரிவும் குற்றவுணர்வும் நிறைந்திருந்தன. 1951 இல் அவர் எழுதிப் பாடிய கோல்ட் கோல்ட் ஹார்ட் என்ற பாடலை அதே ஆண்டில் டோனி பென்னெட் வேறு பாணியில் பாட, அது அமெரிக்க மெல்லிசைத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. கிராமத்தானின் பாட்டு என ஒதுக்கப்பட்ட ஓர் இசை நகரங்களின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. பெய்னிடம் கற்றதெனச் சொல்லப்படும், ஓட்டை வாளியைப் பற்றிய பழைய பாடலொன்றும் 1949 இல் அவருடைய குரலில் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது.

மேடையில் உயர்ந்த அளவுக்கு வீட்டில் அவர் தாழ்ந்தார். முதுகுவலி முற்றியது. 1951 டிசெம்பரில் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை நிரந்தர நிவாரணம் தரவில்லை. மதுவோடு மோர்பின் உள்ளிட்ட வலிநிவாரணிகளும் சேர்ந்துகொண்டன. 1952 இல் ஓட்ரியுடனான மணவாழ்வு விவாகரத்தில் முடிந்தது. குடிபோதையில் நிகழ்ச்சிகளைத் தவறவிட்டமையால் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கிராண்ட் ஓல் ஒப்ரி அவரை விலக்கியது. ஒக்டோபரில் பில்லி ஜீன் என்ற இளம்பெண்ணை மறுமணம் செய்தார். நியூ ஓர்லியன்ஸ் நகர மண்டபத்தில் ரிக்கெற் விற்று, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அத்திருமணச் சடங்கு மீண்டும் நடத்தப்பட்டது. ஒரு மனிதனின் அந்தரங்கமும் காட்சிப் பொருளாக மாறிய அவலம் அது. முறையான மருத்துவக் கல்வி எதுவுமின்றி வைத்தியராகத் தம்மைக் காட்டிக்கொண்ட ஒருவர் அவருக்குத் தூக்க மருந்துகளை எழுதிக் கொடுத்து வந்தார். வலியால் துடிப்பவனுக்கு உதவி எது, சுரண்டல் எது எனப் பிரித்தறியும் நிலை அப்போது இருக்கவில்லை.

1952 டிசெம்பர் 31 ஆம் திகதி மேற்கு வேர்ஜினியாவின் சார்ல்ஸ்டனிலும், மறுநாள் ஒஹாயோ மாநிலத்தின் கன்டனிலும் அவர் பாட வேண்டியிருந்தது. கல்லூரி மாணவரான இளைஞர் ஒருவர் அவருடைய கடிலாக் காரைச் செலுத்தினார். கடும் பனியினால் டெனசியின் நொக்ஸ்வில் நகரிலிருந்து புறப்பட்ட விமானம் மீண்டும் அங்கேயே திரும்பியது. சார்ல்ஸ்டன் நிகழ்ச்சி இரத்தாயிற்று. நொக்ஸ்வில் ஹோட்டலில் வைத்தியர் ஒருவர் மோர்பின் கலந்த ஊசி மருந்தை ஏற்றினார். அன்றிரவு ஹோட்டல் பணியாளர்கள் அவரைத் தூக்கி வந்து காரின் பின்னிருக்கையில் கிடத்தினர். மலைப்பாதைகளில் இரவு முழுவதும் கார் ஓடியது. புத்தாண்டு தினமான 1953 ஜனவரி முதலாம் திகதி அதிகாலை, மேற்கு வேர்ஜினியாவின் ஓக் ஹில் என்னும் சிறு நகரை அண்மித்த வேளையில் பின்னிருக்கையில் இருந்தவர் உயிரற்று விறைத்திருப்பதைச் சாரதி கண்டுகொண்டார். ஓக் ஹில் வைத்தியசாலை மரணத்தை உறுதிப்படுத்தியது. பிரேத பரிசோதனை இதயச் செயலிழப்பையே காரணமாகக் காட்டியது. அப்போது அவருக்கு வயது 29 மட்டுமே.

கன்டன் அரங்கில் இச்செய்தி அறிவிக்கப்பட்டபோது கூட்டத்தில் சிலர் சிரித்தனராம். வழக்கம்போல் வராமலிருப்பதற்குக் கூறப்படும் சாட்டு என அவர்கள் எண்ணினர். திரைக்குப் பின்னால் நின்ற கலைஞர்கள் அவருடைய பக்திப் பாடலொன்றைப் பாடத் தொடங்கிய பின்னரே உண்மை உறைத்தது; சபையும் சேர்ந்து பாடியது. இவ்வுலகிலிருந்து உயிரோடு தப்பப் போவதில்லை என வேடிக்கையாக அவர் பாடிய பாடலே அவ்வேளையில் விற்பனையில் இருந்த அவரது புதிய இசைத்தட்டு என்பது விதியின் விளையாட்டு.

ஜனவரி 4 ஆம் திகதி மொன்ட்கொமரி நகர மண்டபத்தில் இறுதி நிகழ்வு இடம்பெற்றது. உள்ளே இடம்பெற முடிந்தோர் மூவாயிரத்துக்கும் குறைவு. வெளியே திரண்டு நின்றோரையும் சேர்த்தால் பல்லாயிரம் பேர். ரோய் ஏகஃப், ஏர்னஸ்ட் டப், ரெட் போலி முதலியோர் பாடினர். கறுப்பினக் குழுவொன்றும் பாடியது. அஞ்சலி செலுத்த வந்த கறுப்பின மக்களுக்கோ மேல்மாடமே ஒதுக்கப்பட்டது. எந்தச் சமூகத்தின் தெருப்பாடகரிடம் அவர் பாடக் கற்றாரோ, அச்சமூகம் அவரது மரணச் சடங்கிலும் தனித்தே அமர்த்தப்பட்டது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளின் பின்னர், 1955 டிசெம்பர் முதலாம் திகதி, இதே நகரில் பேரூந்து ஆசனத்தை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். ஹாங்க் வில்லியம்ஸ் முதற்பரிசு பெற்ற அதே எம்பயர் திரையரங்கின் முன்னால் இருந்த தரிப்பிடத்தில்தான் அக்கைது நிகழ்ந்தது.

ஓக்வுட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தின் அருகே, போர்க்காலத்தில் மொன்ட்கொமரியில் விமானப் பயிற்சி பெறும்போது உயிரிழந்த பிரித்தானிய இளைஞர்களின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் பெயர் உண்டு. ஹாங்கின் கல்லறையைச் சூழ்ந்த புல்லையும் மண்ணையும் இரசிகர்கள் நினைவுப் பொருளாகப் பிடுங்கிச் சென்றமையால் அங்கே செயற்கைப் புல் விரிக்க வேண்டியதாயிற்று. 1975 இல் மறைந்த ஓட்ரியும் அவரருகிலேயே புதைக்கப்பட்டார்.

இசைஞர் மண்ணுக்குள் சென்றதும் அவர் விட்டுச் சென்றவற்றுக்கான வழக்குகள் எழுந்தன. மனைவி என்ற உரிமையை இரு பெண்கள் கோரினர். பில்லி ஜீன் 1953 இல் 30,000 டொலரைப் பெற்றுக்கொண்டு விலகியபோதிலும், பதிப்புரிமை தொடர்பான பிணக்குகள் பின்னரும் நீடித்தன. தந்தை இறந்து ஐந்து நாட்களின் பின்னர் வேறொரு பெண்ணுக்குப் பிறந்து, பிறர் வீட்டில் வளர்ந்த மகளான ஜெட் வில்லியம்ஸ், 1980 களில் நீதிமன்றங்களின் படியேறித் தமது பிறப்புரிமையை நிலைநாட்டினார். ஓட்ரியின் மகனான ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியர் பெரும் பாடகரானார். 1961 இல் கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்துக்குத் தெரிவான முதல் மூவருள் ஹாங்க் வில்லியம்ஸ் ஒருவர். பிரெட் ரோஸ் மற்றொருவர். 2010 இல் புலிட்சர் பரிசுக் குழு அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது.

இவ்வாறு அவரிடமிருந்து பெறவேண்டியோர் யாவரும் ஏதோ ஒரு வகையில் தத்தம் பங்கைக் கேட்டனர், பெற்றனர். அவருக்குக் கொடுத்தவரின் பெயரில் எந்த வழக்கும் பதியப்படவில்லை. கிற்றார் நரம்பில் ஒருவர் மற்றொருவருக்குக் காட்டிக்கொடுத்த விரலசைவுக்குப் பதிப்புரிமை இல்லை. அதற்கு உறுதியோ சாட்சிக் கையெழுத்தோ கிடையாது. கற்றவன் வாய்திறந்து சொன்னால் மட்டுமே அது உலகுக்குத் தெரியவரும். ஹாங்க் வில்லியம்ஸ் சொன்னார். அவரது குழப்பம் மிகுந்த வாழ்விலே அவர் நேர்மையோடு தீர்த்த கடன்களுள் அது முதன்மையானது. நிறவேற்றுமை சட்டமாக இருந்த மாநிலத்தில், கறுப்பினத்தவர் ஒருவரை ஆசான் என ஒரு வெள்ளை நட்சத்திரம் கூறியது சிறிய செயலன்று. அவர் சொல்லாதிருந்தால் ரூபஸ் பெய்ன் என்ற பெயரை இன்று எவரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

ஆயினும் சொல் மட்டும் போதுமானதா என்ற கேள்வி எஞ்சவே செய்கின்றது. ஆசான் இறந்தபோது பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தவன், பின்னாளில் பெரும் பணமீட்டிய காலத்திலும் அப்புதைகுழிமேல் ஒரு கல் நாட்டப்படவில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே லிங்கன் சேமக்காலையில் பெய்னுக்கு ஒரு நினைவுக்கல் நிறுவப்பட்டது. மகன் ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியரும் அதற்குக் கைகொடுத்தார். ஆனால் அக்கல் அவருடைய உடலின்மேல் நிற்கவில்லை. எங்கே அவர் கிடக்கின்றார் என்பது தெரியாமையால் சேமக்காலைக்கே பொதுவாக அது நிற்கின்றது. காலந்தாழ்த்திய நன்றி எப்போதும் அப்படித்தான். செலுத்த முடியும்; சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பிக்க முடியாது.

1962 இல் கறுப்பினப் பாடகரான ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாடல்களைத் தமது பாணியில் பாடி ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்களும் அதில் இடம்பெற்றன. தெருவோரத்தில் ஒரு கறுப்பின மனிதர் வெள்ளைச் சிறுவனுக்குக் கொடுத்தது, ஒரு தலைமுறை கடந்து மீண்டும் கறுப்பினக் குரலிலேயே ஒலித்தது. சேமக்காலைகளுக்கு இடையே மனிதர் எழுப்பிய சுவரைப் பாடல் எப்போதோ தாண்டிவிட்டது. அதைத் தாண்ட மனிதருக்குத்தான் நீண்ட காலம் எடுத்தது. ஓக்வுட்டின் தொப்பிக் கல்லைக் காணச் செல்வோர், அதே நகரிலுள்ள லிங்கன் சேமக்காலைக்கும் சென்று, பெயர் மட்டும் எஞ்சிய அந்த ஆசானுக்காகச் சற்று நேரம் நிற்பார்களாயின், அதுவே மாணவனுக்கும் செய்யும் முறையான அஞ்சலியாக அமையும்.